மாடலில் இல்லாத பனி

1985 மே மாசம் 'நேச்சர்' இதழ்ல மூணு பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோட கட்டுரை வந்துச்சு. அண்டார்டிகாவுல ஹாலி பே நிலையத்துக்கு மேல, வசந்த காலத்துல ஓசோன் சரியுதுன்னு சொன்னாங்க.

ஃபிரிட்ஜ், ஸ்பிரே கேன்ல இருந்து வர்ற சி.எஃப்.சி. வாயு ஓசோனை அழிக்கும்னு மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-லயே எச்சரிச்சிருந்தாங்க. ஆனா கம்ப்யூட்டர் மாடல்கள் இவ்வளவு வேகத்தைக் காட்டல. ஏன்னா மேல போன குளோரின்ல பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடாவும் குளோரின் நைட்ரேட்டாவும் பூட்டிக் கிடக்கும். வாயுவா இருக்கும்போது இது ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்கவே கண்டுக்காது.

1986-ல 30 வயசு சூசன் சாலமன், கூட்டாளிகளோட சேர்ந்து ஒரு விளக்கம் கொடுத்தாங்க. துருவக் குளிர்காலத்துல, கிட்டத்தட்ட மைனஸ் 80 டிகிரி செல்சியஸ்ல, அவ்வளவு உயரத்துலயும் மேகம் உருவாகுது. அந்தப் பனித்துகள் மேல ரெண்டும் சந்திச்சா வினை நடக்கும். குளோரின் வாயு வெளிய வரும், நைட்ரிக் அமிலம் பனியிலயே தங்கிடும். வசந்தத்துல வெயில் பட்டதும் குளோரின் உடைஞ்சு ஓசோனை அழிக்க ஆரம்பிக்கும்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல, சாலமன் தலைமையில ஒரு குழு மெக்மர்டோ நிலையத்துக்கே போய் அளந்துச்சு. 1987-ல மோலினா குழு அந்த வினையை லேப்ல பனி மேல நடத்திக் காட்டுச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 16, மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

மாடலோட கணக்கு சரிதான். அதுக்குள்ள பனியே இல்ல, அவ்வளவுதான். அந்த ஓட்டையைக் காட்டினது, 1950-கள்ல இருந்து ஹாலி பேயில வருஷம் தவறாம அளந்துட்டே இருந்தவங்க.