சோபாவைப் பிராண்டும் பூனை... திட்டினால் நிற்காது! அப்போ என்னதான் செய்வது?

இ.எம்.ஐ. இன்னும் முடியாத சோபா. அதன் கைப்பிடி மட்டும் நூல் நூலாகப் பிரிந்து தொங்குது. பக்கத்திலேயே எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும் பூனை. பூனை வளர்க்கிற வீடுகளில் தினமும் பார்க்கிற காட்சிதான் இது.

பிரச்னை சோபாவோடு நிற்பதில்லை. வாடகை வீடு என்றால் கதவில் விழுந்த கீறலுக்கு அட்வான்ஸில் கை வைப்பார் ஹவுஸ் ஓனர். "ஒண்ணு பூனை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து வரும். கடைசியில் ஒருநாள் இரவு பூனையை மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வருவாங்க. அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை.

பூனை ஏன் பிராண்டுது?

கோபமோ பழிவாங்கலோ காரணம் இல்லை. பூனையின் நகம் அடுக்கடுக்காக வளரும். மேலே இருக்கும் பழைய ஓடு கழன்றால்தான் உள்ளே இருக்கும் கூர்மையான நகம் வெளியே வரும். சோபா அடியில் பெருக்கும்போது பிறை வடிவில் நகத்துண்டு கிடைத்தால் பதறாதீங்க, அது அந்த ஓடுதான்.

தூங்கி எழுந்ததும் உடம்பை நீட்டி முறிக்கவும் பூனைக்குப் பிடிமானம் வேண்டும். இது போக இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பூனையின் பாதத்தில், விரல்களுக்கு நடுவே வாசனைச் சுரப்பிகள் இருக்கு. பிராண்டும் இடத்தில் அந்த வாசனை படியும். கீறலும் வாசனையும் சேர்ந்து 'இது என் இடம்' என்று சொல்லும் அடையாளம். அதனால்தான் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எழும், உங்க வாசம் அதிகம் உள்ள ஹால் சோபாவே அதுக்கு முதல் சாய்ஸ்.

கட்டையை எங்கே வைக்கணும்?

பெட் ஷாப்பில் பிராண்டும் கட்டை வாங்கி, அழகு கெடுதே என்று பால்கனி மூலையில் வைத்துவிட்டு, "எங்க பூனை அதைத் தொடவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் நிறைய. தொடாதுதான். ஆளில்லாத மூலையில் அடையாளம் வைத்து அதுக்கு என்ன லாபம்? கிழிபடும் சோபா கைப்பிடியை ஒட்டியே கட்டையை வைங்க. இன்னொன்று, அது தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில். பல வாரம் பழகிய பிறகு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கலாம்.

உயரமும் முக்கியம். பூனை பின்காலில் நின்று முழுசாக நீளும் அளவுக்கு, கிட்டத்தட்ட 3 அடி வேண்டும். அடிப்பலகை கனமாக இருக்கணும். ஒருமுறை ஆடிச் சாய்ந்துவிட்டால், அடுத்து அந்தப் பக்கமே போகாத பூனைகள் உண்டு.

ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. தடிமனான ஒரு மரக்கட்டையில் தேங்காய் நார்க் கயிறை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றினாலே போதும். உங்க பூனை சோபாவை விட்டுவிட்டு மிதியடியையும் தரைவிரிப்பையும் கிழிக்கிறதா? அதுக்குப் படுக்கைவாட்டில் பிராண்டத்தான் பிடிக்குது. ஒரு பலகையில் கோணிச்சாக்கை ஆணியடித்துத் தரையில் போடுங்க. ஆணிமுனை வெளியே தெரியக்கூடாது.

பூனையின் கையைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டாதீங்க, வெறுத்துடும். அதுவாகப் பிராண்டின உடனே, அந்த நொடியிலேயே, உப்பில்லாமல் வேகவைத்த சிக்கன் துணுக்கு ஒன்று கொடுங்க. அதே நேரத்தில் சோபாவின் கிழிபடும் பகுதியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டிவிடுங்க. பாதத்தில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. டேப்பின் கறை படியும் துணி என்றால் பழைய பெட்ஷீட்டை இறுக்கிச் சொருகுங்க.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீங்க

தண்ணீர் அடிப்பது, அடிக்கக் கை ஓங்குவது எதுவும் வேலைக்கு ஆகாது. நீங்க இருக்கும்போது பிராண்டக்கூடாது என்பதை மட்டும் பூனை கத்துக்கும். நீங்க ஆபீஸ் போனதும் தொடங்கிடும்.

இதைவிட ஆபத்தானது, நம்ம வீடுகளில் சகஜமாகச் செய்யும் ஒரு வேலை: சோபாவில் அந்துருண்டை வைப்பது, பினாயில் தெளிப்பது, யூகலிப்டஸ் தைலம் தடவுவது. இந்த மாதிரி ரசாயனங்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே விஷமாகலாம்.

நகத்தையே எடுத்துட்டா என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது நகம் வெட்டுவது அல்ல. ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை. நம் விரலைக் கடைசி மூட்டோடு துண்டிப்பதற்குச் சமம். அதன்பிறகு மணல் தட்டில் கால் வைக்கவே வலித்து, வீடு முழுக்க அசிங்கம் செய்யும் பூனைகள் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணம் 2019-லேயே இதைத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், விலங்கின் உடலைச் சிதைப்பதும், பசியில் வாடும்படி கைவிடுவதும் குற்றம். முதல் முறை சிக்கினால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பது வேறு விஷயம்!

நகத்தின் நுனியை வெட்டலாமா?

தாராளமாக. 2, 3 வாரத்துக்கு ஒருமுறை போதும். பாதத்தை லேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய், அதைத் தொடாமல் வெள்ளை நுனியை மட்டும் வெட்டணும். ஒரே நாளில் எல்லா விரலையும் முடிக்கணும்னு இல்லை, தூக்கக் கலக்கத்தில் ரெண்டு விரல் கிடைத்தாலே லாபம். முன்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறந்துடாதீங்க. வயதான பூனைகளுக்கு அது வளைந்து சதையிலேயே குத்தும்.

இதுவரை பிராண்டாத பூனை திடீரென்று வாசற்கதவையும் ஜன்னலையும் பிராண்டத் தொடங்கினால் அதன் மனசில் ஏதோ பதற்றம். புதுப் பூனை வந்ததா, வீடு மாறினீங்களா, வெளியே தெருப்பூனை சுத்துதா என்று பாருங்க. கருத்தடை செய்யாத ஆண் பூனை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்க.

கட்டையில் நார் பிய்ந்து தொங்குதே, பார்க்கச் சகிக்கலையே என்று அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பிய்ந்திருக்கு என்றால் பூனைக்கு அது பிடிச்சிருக்கு என்று அர்த்தம். புதுக் கயிறு சுற்றும்போதும் பாதியை மட்டும் மாத்துங்க, பழைய வாசனை அதில் இருக்கட்டும்.