இலத்தீனில் அச்சத் துணைத்தொடர்

இலத்தீன் இலக்கணத்தில் அச்சத் துணைத்தொடர் என்பது, அச்சத்தைக் குறிக்கும் வினையைச் சார்ந்து வந்து, அஞ்சப்படும் நிகழ்வைத் தெரிவிக்கும் துணைத்தொடர் ஆகும். திமெயோ, மெத்துவோ, வெரெயோர் ஆகியன இதனை ஏற்கும் முதன்மையான வினைகள். மூன்றும் 'அஞ்சுகிறேன்' எனப் பொருள்படும். வெரெயோர் என்பது மதிப்புக் கலந்த அச்சத்தையும் குறிக்கும். 'பெரீக்குலும் எஸ்த்' (இடர் உள்ளது) போன்ற தொடர்களுக்குப் பின்னும் இத்துணைத்தொடர் வரும்.

இணைப்புச் சொற்கள்

நோக்கத்தைக் கூறும் துணைத்தொடர்களில் 'உத்' உடன்பாட்டையும் 'நே' எதிர்மறையையும் உணர்த்தும். அச்சத் துணைத்தொடரில் இது தலைகீழாகத் தோன்றும்.

* திமெயோ நே வெனியத் – அவன் வருவான் என்று அஞ்சுகிறேன்.
* திமெயோ உத் வெனியத் – அவன் வரமாட்டான் என்று அஞ்சுகிறேன்.

'உத்' என்பதற்கு ஈடாக 'நே நோன்' என்பதும் வரும். முதன்மை வினை எதிர்மறையாயின் 'நே நோன்' என்பதே வழக்கு.

துணைப்படை வருமென அஞ்சும் படைத்தலைவனும், வராதென அஞ்சும் படைத்தலைவனும் எதிரெதிர் அணியினர். இலத்தீன் வரலாற்று நூல்களைப் படிப்போர் இச்சிறு சொல்லைக் கவனியாது விட்டால் பொருள் முற்றிலும் மாறிவிடும்.

தோற்றம்

இவ்வமைப்பு இரண்டு தனி வாக்கியங்களிலிருந்து தோன்றியது என்பது இலக்கண ஆசிரியர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். 'அஞ்சுகிறேன், அவன் வராதிருக்கட்டும்' என்பதில் இரண்டாம் வாக்கியம் ஒரு விருப்பம். இரண்டும் இணைந்து ஒரே வாக்கியமானபோது, விருப்பத்திற்குரிய 'நே' அப்படியே தங்கிவிட்டது. அவ்வாறே 'அவன் வரட்டும்' என்னும் விருப்பத்தின் 'உத்', வராமற்போகும் அச்சத்தைக் குறிக்கலாயிற்று.

வினைவடிவமும் காலமும்

துணைத்தொடரின் வினை, விருப்பம், ஐயம் முதலியவற்றை உணர்த்தும் விழைவு வடிவில் அமையும். இது தமிழின் வியங்கோளை ஓரளவு ஒத்தது. முதன்மை வினையின் காலத்திற்கேற்ப இதன் காலமும் மாறும்.

* திமெயோ நே வெனியத் – அவன் வருவான் என்று அஞ்சுகிறேன்.
* திமேபம் நே வெனீரெத் – அவன் வருவான் என்று அஞ்சினேன்.
* திமெயோ நே வேனெரித் – அவன் வந்துவிட்டானோ என்று அஞ்சுகிறேன்.

வினையெச்சத்துடன்

ஒரு செயலைத் தானே செய்ய அஞ்சுவதைக் கூறத் துணைத்தொடர் தேவையில்லை. 'திமெயோ ஈரே' என்பது 'போக அஞ்சுகிறேன்' என்பதற்கு நேரானது; இங்குத் தமிழைப் போலவே எச்ச வடிவம் பயன்படுகிறது.