பெயர் எழுதப்படாத முகங்கள்

1838இல் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றை லூயி டாகர் படம் பிடித்தார. பல நிமிடங்கள் அசையாமல் இருந்தால்தான் தகட்டில் உருவம் பதியும் காலம் அது. வண்டிகளும் நடந்துபோனவர்களும் படத்தில் இல்லை. ஓரத்தில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். அவர் காலடியில் இன்னொருவர் குனிந்து செருப்புக்கு மெருகு போடுகிறார். ஒளிப்படத்தில் விழுந்த முதல் மனிதர்கள் என்று பொதுவாக இவர்களைத்தான் சொல்கிறார்கள். நின்றவர் தெளிவாகத் தெரிகிறார். வேலை செய்தவர் அசைந்துகொண்டே இருந்ததால் கலங்கலாகத் தெரிகிறார். உவமைக்காக இதைச் சொல்லவில்லை தோழர்களே, அன்றைய தொழில்நுட்பமே அப்படி. இருவர் பெயரும் தெரியாது.

அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் தன் குடும்பத்து விளக்குக் கடைக்குப் பின்னால் நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டார். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய முகப்படங்களில் அது ஒன்று. கேமரா அவருடையது, ஆகவே பெயரும் தங்கிவிட்டது.

நம் பக்கம் வருவோம். சென்னையில் 1850இல் கலைப்பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் ஒளிப்படக் கலையையும் வளர்த்தார். 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானது. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரைக்கு வந்து கோயிலின் கோபுரங்களையும் மண்டபங்களையும் அற்புதமாகப் படமெடுத்தார். அந்தக் கோயிலுக்குள் நம் மக்கள் கால் வைத்தது 1939 ஜூலை 8 அன்று. கேமரா நம்மைவிட 81 வருடம் முந்திக்கொண்டது.

மனிதர்களை எடுத்த கதைதான் கசப்பு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அரசு வெளியிட்ட 'இந்திய மக்கள்' நூலில் 450க்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர் இருக்கிறது. இந்தச் சாதி விசுவாசமானது, அது திருட்டுக் குணமுள்ளது என்ற தீர்ப்புகளும் உண்டு. 1857 கலகத்துக்குப் பிறகு ஆள்பவர்களுக்கு இருந்த பயத்தை அதில் படிக்கலாம். அந்த நூலுக்குப் படம் தந்தவர்களில் ஒருவர் ராணுவ அதிகாரி வில்லோபி ஹூப்பர். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தவரும் அவரே. படம் எடுத்தாரே, கஞ்சி ஊற்றினாரா என்று அன்றே கேட்டார்கள். பஞ்சத்தில் முதலில் செத்தது நிலமில்லாத கூலிகள். நம் முன்னோர்களின் மிகப் பழைய முகங்கள் சில அந்த வரிசையில் இருக்கக்கூடும். எது யார் என்று சொல்ல வழியில்லை. பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், 1909இல் ஏழு தொகுதி போட்டார்.

இதே கருவியைத் திருப்பிப் பிடித்தவர்களும் உண்டு. அடிமையாகப் பிறந்த ஃபிரடெரிக் டக்ளஸ் சுமார் 160 தடவை கேமரா முன் அமர்ந்தார். 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான். பெரும்பாலும் சிரிக்க மாட்டார். அடிமை சந்தோஷமாக இருக்கிறான் என்ற பொய்க்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் எனக்கு அந்த வரிசையில்தான் தெரிகிறது.

1850இல் தென் கரோலினாவில் ரெண்டி என்ற அடிமையையும் அவர் மகள் டெலியாவையும் ஆடை களைந்து படமெடுத்தார்கள். இன ஆராய்ச்சிக்காம்! அந்தப் படங்களை ஹார்வர்டு வைத்திருந்தது. ரெண்டியின் வழித்தோன்றல் என்று சொல்லி தமரா லேனியர் 2019இல் வழக்குப் போட்டார். 2025இல் சமரசம் ஏற்பட்டு, படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. நம்மில் ஒருவர் லண்டனிலோ சென்னையிலோ இப்படி ஒரு படத்தைக் கேட்டுப் போக முடியுமா? பெயர் இருந்தால்தானே போக முடியும்.

செட்டியார்பட்டி, சேத்தூர் பக்கம் நம் தெருக்களில் வீடு வீடாகப் போனால், பாட்டியின் படம் என்று பல வீடுகளில் எடுத்துக் காட்டுவது ரேஷன் கார்டில் ஒட்டியதைத்தான். சில வீடுகளில் மட்டும் ராஜபாளையத்து ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கல்யாணப் படம் இருக்கும், ஓரம் கரையான் அரித்து. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதைக் கீழே இறக்குங்கள். அதில் இருப்பவர்கள் யார், எந்த வருடம், என்ன வேலை செய்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்.