ஒலியால் பார்க்கக் கற்றவர்கள்



கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருத்துவமனையில் ஸ்கேன் செய்வதை நாம் அனைவரும் அறிவோம். வயிற்றின்மேல் பசை போன்ற ஒன்றைத் தடவி, கைக்கு அடக்கமான கருவியொன்றை மெல்ல நகர்த்துகிறார்கள். திரையில் குழந்தை தெரிகிறது. "இயந்திரம் காட்டுகிறது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கருவியைப் பிடித்திருக்கும் கைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அந்தக் கைக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதை மருத்துவ உலகம் எப்படி உணர்ந்தது? அந்த வரலாற்றையே இன்று பார்க்கப்போகிறோம்.

மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி கேட்கும். ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு மலை எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணக்கிடலாம். ஸ்கேன் கருவியும் இதைத்தான் செய்கிறது. மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. ஸ்கேனில் பயன்படும் மீயொலி பொதுவாக வினாடிக்கு 20 இலட்சம் அதிர்வுகளுக்கும் மேற்பட்டது. முதல் உலகப் போரின்போது, கடலுக்கடியில் மறைந்து வந்த நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு அறிஞர் பால் லாங்ஷ்வான் இத்தகைய ஒலியைப் பயன்படுத்தினார். பின்னர் தொழிற்சாலைகளில், இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வெடிப்புகளை அறியவும் அது உதவியது.

அந்தத் தொழிற்சாலைக் கருவியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட். 1955ஆம் ஆண்டில், நோயாளிகளிடமிருந்து அறுவை செய்து எடுத்த கட்டிகளை இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு, நீராவிக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அவர் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இறைச்சித் துண்டும் அங்கே இருந்தது. நீர் நிறைந்த கட்டி ஒருவிதமான எதிரொலியையும், தசை நிறைந்த கட்டி வேறுவிதமான எதிரொலியையும் தந்தன. டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளரும், ஜான் மெக்விகார் என்னும் மருத்துவரும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள்.

அந்நாளில் பெண்ணொருத்திக்கு வயிற்றில் முற்றிய புற்றுநோய் என்றும், அறுவை செய்து பயனில்லை என்றும் மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மீயொலி, உள்ளே இருப்பது நீர் நிறைந்த கட்டி என்று காட்டியது. அறுவை செய்து பார்த்தபோது, அது அகற்றக்கூடிய சினைப்பைக் கட்டியாகவே இருந்தது. அவர் பிழைத்தார். 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூவரும் தங்கள் ஆய்வை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கர்ப்பகாலத்தில் எக்ஸ்ரே எடுப்பது பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1956இல்தான் டாக்டர் அலிஸ் ஸ்டுவர்ட் எடுத்துக்காட்டியிருந்தார். ஆகவே எக்ஸ்ரே இன்றிக் கருவைப் பார்க்கும் வழி பெரிதும் வரவேற்கப்பட்டது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. எக்ஸ்ரே படம் தன் முன்னால் உள்ள பகுதி முழுவதையும் ஒரே முறையில் பதிந்துவிடும். மீயொலியோ, கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டுமே காட்டும். கை போகாத இடத்தில் கட்டி இருந்தால், பின்னர் படத்தைப் பார்க்கும் மருத்துவருக்கும் அது தெரியாது. மேலும், காற்றையும் எலும்பையும் தாண்டி இந்த ஒலி நன்றாகச் செல்வதில்லை. கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று நிற்காமலிருக்கவே அந்தப் பசையைத் தடவுகிறார்கள். சில பரிசோதனைகளுக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் காரணத்தோடுதான். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்றுள்ள குடலை ஒதுக்கிவிட்டுக் கருப்பையைப் பார்க்க வழிவிடுகிறது.

இவ்வளவு நுட்பமான வேலையைத் தொடக்கத்தில் பலர் வேலை செய்துகொண்டே கற்றார்கள். தாதியர், எக்ஸ்ரே பணியாளர், தொழில்நுட்பர் எனப் பலரும் அதில் இருந்தார்கள். நல்ல ஆசிரியர் வாய்த்தவர் நன்றாகக் கற்றார். மற்றவர் தேர்ச்சியை அளக்கப் பொதுவான தேர்வு இல்லை. அதன் விளைவைச் சுமக்க வேண்டியவர் நோயாளியே அல்லவா? அமெரிக்காவில் இப்பணியாளர்கள் தாங்களே ஒன்றுகூடி 1970ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதைத் தொடங்கியவர்களுள் ஜோன் பேக்கர் என்ற பெண்மணியும் ஒருவர். 1975இல் தேர்வு நடத்திப் பதிவு வழங்கும் தனி அமைப்பும் தோன்றியது. தங்களுக்குத் தேர்வு வேண்டும் என்று தொழிலாளர்களே கேட்டது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இன்று அங்கே இப்பயிற்சி பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நடைபெறுகிறது. ஒலியின் இயற்பியல், உடற்கூறு, நோய்களின் தன்மை ஆகியவற்றோடு, அனுபவசாலிகளின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பரிசோதிக்கவும் கற்கிறார்கள். பிரிட்டனில் எக்ஸ்ரே பணியில் பட்டம் பெற்ற பலர் மேற்படிப்பாக இதைப் பயில்கிறார்கள். வேறு சில நாடுகளில் மருத்துவர்களே இப்பரிசோதனையைச் செய்கிறார்கள்.

பால்மரம் வெட்டுவோருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம்; மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவைப் புத்தகம் சொல்லும். ஆனால் கைதான் அதைப் பழகிக்கொள்ள வேண்டும். மீயொலிப் பணியும் அவ்வாறே படிப்பும் பழக்கமும் சேர்ந்தது.

பெற்றோர்களே, மருத்துவத் துறை என்றால் மருத்துவரும் தாதியும் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். இத்தகைய பணிகளும் அதில் உண்டு. அதற்கு அடிப்படை பள்ளியில் படிக்கும் அறிவியலும் கணிதமும்தான். பௌதிகம் கடினம் என்று உங்கள் மகளோ மகனோ அப்பாடத்தை விட்டுவிட நினைத்தால், எந்தப் பாடத்தை எடுத்தால் எந்தப் பயிற்சிக்குச் செல்லலாம் என்று முதலில் ஆசிரியரிடம் விசாரியுங்கள். விசாரித்த பிறகு முடிவு செய்யலாம்.