புல்லுருவி என்னும் உவமை

உவமையின் ஆற்றலைப் பாவலர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஓர் உவமை நீதிமன்றத் தீர்ப்பில் ஏறி, எளியோர் குடியேறும் வழியை நெடுங்காலம் அடைத்து நின்ற வரலாறு நம் வட்டத்தார் அறியத்தக்கது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை அடுத்துள்ள ஊர் யூக்லிட். 1922ஆம் ஆண்டில் அவ்வூர் தன் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து விதி வகுத்தது. சில பகுதிகளில் ஒரு குடும்பம் வாழும் தனிவீடு மட்டுமே கட்டலாம். பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளுக்கு அங்கு இடமில்லை. ஆம்பிளர் என்னும் நில நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மக்களை வருவாய்க்கேற்பப் பிரித்து வைப்பதே இவ்விதியின் விளைவு என்று கண்ட கீழ்நீதிமன்ற நீதிபதி வெஸ்டன்ஹேவர், 1924இல் அதனைச் செல்லாதென்றார். 1926இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஜார்ஜ் சதர்லாந்து, தனிவீடுகளிடையே எழும் அடுக்குமாடி வீடு அப்பகுதியின் திறந்த வெளியையும் இனிய சூழலையும் உறிஞ்ச வந்த வெறும் புல்லுருவி என்னும் கருத்துப்பட எழுதினார்.

லூயிவில் நகரம் தெருக்களை இனத்தால் பிரித்து இயற்றிய சட்டத்தை, இதே நீதிமன்றம் 1917இல் நீக்கியிருந்தது. இனத்தின் பெயரால் செய்யலாகாததை, மனையளவின் பெயராலும் வீட்டு வகையின் பெயராலும் செய்வதற்குப் பல ஊர்களுக்கு இப்போது வழி கிடைத்தது.

எதிர்த்தோர் அனைவரையும் கொடியவர் என்று தள்ளிவிடவும் இயலாது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரு வீட்டில் இட்டவர்க்கு அதன் விலை சரியுமோ என்ற அச்சம் இயல்பே. பள்ளிச் செலவில் கணிசமான பங்கைச் சொத்து வரி தாங்கும் நாட்டில், வரி ஏறுமோ என்ற கவலையும் உண்டு.

அவ்வச்சம் மெய்யா என்பதைச் சோதித்த ஊர், நியூ ஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல். உழவூராக இருந்து புறநகராக மாறிவந்த அவ்வூரில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் சில கோழிக் கொட்டில்களைத் திருத்திய குடில்களில் வாழ்ந்தன. வாழத்தகாதவை என்று ஊராட்சி அவற்றை இடித்து வந்தது. ஆனால் அவர்களுக்காகக் கேட்கப்பட்ட 36 அடுக்கு வீடுகளுக்கு இசைவு தரவில்லை. 1970இல் தேவாலயக் கூட்டமொன்றில் பேசிய மேயர், இவ்வூரில் வாழ வசதியில்லாதோர் வெளியேற வேண்டியதுதான் என்றார். கேட்டிருந்தோருள் ஒருவர், தலைமுறைகளாக அம்மண்ணில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்த எத்தல் லாரன்ஸ் அம்மையார். 1971இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. வளரும் ஒவ்வோர் ஊரும், எளிய வருவாயினர்க்கான வீடுகளில் தனக்குரிய பங்குக்கு இடந்தர வேண்டும் என்று 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் அசையவில்லை. 1983இல் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. 1994இல் அம்மையார் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பில் முதற் குடும்பங்கள் குடியேறியது 2000ஆம் ஆண்டில்தான்.

அதன் விளைவைச் சமூகவியலறிஞர் டக்ளஸ் மாசியும் குழுவினரும் ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டனர். அக்குடியிருப்பினால் குற்றம் பெருகவில்லை, வரி ஏறவில்லை, அண்டை வீடுகளின் விலையும் சரியவில்லை. குடியேறியோர் பிள்ளைகளின் கல்விச்சூழல் மேம்பட்டது. தம் அருகில் அத்தகைய குடியிருப்பொன்று இருப்பதையே அண்டை வீட்டார் சிலர் அறிந்திருக்கவில்லை.

விதிகளும் தளரத் தொடங்கியுள்ளன. தனிவீட்டு மனைகளில் மூன்று குடும்பங்கள் வரை வாழ இடந்தர மினியாபொலிஸ் நகரம் 2018இல் முடிவு செய்தது. ஓரிகன் மாநிலம் 2019இல் இத்தகைய சட்டம் இயற்றியது. எனினும் எத்தல் லாரன்ஸ் கேட்ட வீடு அவர் வாழ்நாளில் எழவில்லை. புல்லுருவி பற்றினால் மரம் வாடும் என்பர். மவுண்ட் லாரலில் மரம் வாடவில்லை, உவமைதான் பொய்த்தது. அதனைக் காண முப்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது என்பதைச் சொல்லாள்வோராகிய நாம் நினைவிற் கொள்வது நன்று.