தோட்டத்துப் பெண்களும் முனைவர் பட்டமும்

மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்களின் படிப்புக்கு நெடுங்காலம் எல்லையாக இருந்தது தொடக்கப்பள்ளி. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி அதோடு முடிந்துவிடும். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போன தாய் பால் வெட்டித் திரும்பும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் வேலை. பள்ளிக்கு முதலில் முழுக்குப் போட்டதும் பெரும்பாலும் அவள்தான்.

இத்தனைக்கும் தோட்டத்தில் வேதியியல் அன்றாடம் கையால் நடந்தது. மங்குக் கிண்ணத்தில் வடிந்த பால் ஸ்டோருக்கு வருமுன் உறைந்துவிடாதிருக்க அமோனியா சேர்ப்பார்கள். வந்தபின் தட்டில் ஊற்றி, பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூடத்தில் உலர்த்துவார்கள். இந்த வேலைகளின் காரணகாரியத்தை ஆராய 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. வாளியில் பால் சுமந்தவளின் மகள் அங்கே ஆய்வாளராக நுழைய அந்நாளில் வழியே இல்லை.

அதே காலத்தில் இந்தியாவில் தடை வேறு இடத்தில் இருந்தது. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்த கமலா பகவத்தை, பெண் என்பதால் சேர்க்க முதலில் மறுத்தார் அதன் இயக்குநர் சி.வி. ராமன். கமலா விடாப்பிடியாக நின்று இடம்பெற்றார். 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். வேதியியல் படித்த குடும்பம் அவருக்குப் பின்னால் இருந்தது. கெடா தோட்டத்துப் பெண்ணோ அப்படி ஒருவர் முன் நின்று வாதாடும் கட்டத்தையே எட்டவில்லை.

மலாயா விடுதலைக்குப் பின் இடைநிலைப் பள்ளி என்றால் பட்டணத்துக்குப் போகவேண்டும். பஸ் கட்டணம் வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகவும் படிக்க நேர்ந்தது. 1969இல் பினாங்கில் அறிவியல் துறைகளோடு தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பெரிய திருப்பம். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த் போய்ப் பெர்ரி ஏறியே அங்கு சேரவேண்டியிருந்தது. 1982இல் டாக்டர் தம்பிராஜா நிறுவிய ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகள் பல ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கைதூக்கிவிட்டன. அந்தப் பணிக்கு ஈடு சொல்வது கடினம்.

இதற்கிடையே தோட்டங்களில் பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. 2013இல் செம்பனையின் மரபணுத் தொகுதியை வெளியிட்ட மலேசிய செம்பனை வாரியக் குழுவின் முன்னணியில் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி என்ற பெண் ஆய்வாளர் இருந்தார். உயர்கல்வியும் அதற்கு முன்பே தோட்டங்களை நெருங்கியிருந்தது: 2001இல், மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் முயற்சியில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் உருவாகி, பின்னர் பீடோங் அருகே செமிலிங்கில் நிலைகொண்டது. தனியார் பல்கலைக்கழகம் ஆகையால், கட்டணத்துக்குப் பல குடும்பங்கள் கல்விக் கடனையே நம்புகின்றன. முதல் பட்டத்தின் கடன் தீருமுன் முனைவர் ஆய்வைத் தொடங்கும் மகளுக்கு, சம்பளமில்லாத அந்த ஆண்டுகள் குடும்பத்தோடு பேசித் தீர்க்கவேண்டிய கணக்காகின்றன.