வேட்ட பார்ப்பாரும் வேளாப் பார்ப்பாரும்

இந்திய மக்கட் குழுக்களின் வரலாற்றை ஆராயப் புகுவார், பிராமணர் தோற்றம் குறித்து இருவேறு கருத்துக்களைக் காண்பர். அன்னார் வடபுலத்தினின்றும் வந்து குடியேறிய ஒரே குருதியினர் என்பது ஒன்று. படைப்புக் காலந்தொட்டு மாறாது வரும் வருணத்தார் என்பது மற்றொன்று. இவை தம்முள் முரணுவன போலத் தோன்றினும், பிராமணர் என்றும் ஒரே குழுவினராக இருந்தனர் எனக் கொள்வதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அக்கோள் பொருந்துமா என்பதைத் தமிழகச் சான்றுகளைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வடமொழி வழக்கினை நோக்குவோம். 'பிரமம்' என்னும் சொல் இருக்கு வேதத்தில் மந்திர மொழியைக் குறிக்கும். அம்மொழியை ஓதுவோன் அச்சொல்லடியாகவே பெயர் பெற்றான். நால்வருணப் பெயர்களும் ஒருங்கே காணப்படுவது அவ்வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருட சூக்தம் ஒன்றிலேயாம். தந்தையின் கோத்திரம் இன்னதென்றறியாத சத்தியகாமனை, அவன் வாய்மை ஒன்றே கருதி ஆசிரியர் மாணவனாக ஏற்றார் என்று சாந்தோக்கிய உபநிடதம் கூறும். எனவே, பிறப்போ ஒழுக்கமோ எது அளவுகோல் என்னும் வினா மிகப் பழைமையானது என்பது பெறப்படும்.

தமிழிலும் இவ்வினா எழுந்துள்ளது. திருக்குறளில் நீத்தார் பெருமை கூறும் அதிகாரம் 'அந்தணர்' என்னும் பெயருக்கு எவ்வுயிர்க்கும் அருள் பூண்டொழுகலை இலக்கணமாக வைக்கின்றது. ஒழுக்கமுடைமை அதிகாரமோ 'பார்ப்பான்' என்பவனைப் பிறப்பொடு சேர்த்துப் பேசுகின்றது. சங்கத்தொகையில் இதனினும் தெளிந்த சான்று ஒன்றுண்டு. ஆவூர் மூலங்கிழார் என்னும் புலவர், புறநானூற்று 166ஆம் பாட்டில் பூஞ்சாற்றூர்ப் பார்ப்பான் கௌணியன் விண்ணந்தாயனைப் பாடினார். முன்னோர் வழிநின்று, நீரினும் மிகுதியாக நெய் சொரிந்து வேள்வி செய்தவன் அவன். அப்புலவரே அகநானூற்று 24ஆம் பாட்டில், வாளரத்தால் சங்கறுத்து வளை செய்யும் 'வேளாப் பார்ப்பான்' ஒருவனை உவமையிடத்து வைத்துள்ளார். வேள்வி செய்தானும் பார்ப்பான். செய்யாது கைத்தொழில் புரிந்தானும் பார்ப்பான். ஒரே புலவர் அறிந்த உலகில் அப்பெயர் இவ்விருவர்க்கும் உரித்தாயிருந்தது. ஆகவே, வேள்வித் தொழில் ஒன்றே அப்பெயருக்கு எல்லையன்று என்பது தெளிவு.

பிற்காலத்தே இக்குழுவிற்கு உறுதியான எல்லை வகுத்தவை நிலக்கொடைகளாம். பல்லவர், பாண்டியர், சோழர் ஆகியோர் பிரமதேயங்களையும் சதுர்வேதிமங்கலங்களையும் பெருக அமைத்தனர். பல்லவர் தண்டந்தோட்டச் செப்பேடு 300க்கு மேற்பட்டாரையும், முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடு ஆயிரத்துக்கு மேற்பட்டாரையும் கொடை பெற்றோராகக் குறிக்கின்றன. இத்தகைய ஆவணங்களில் ஒருவன் தன் பெயரால் மட்டும் சுட்டப்படுவதில்லை. ஊர், கோத்திரம், சூத்திரம், சதுர்வேதி, கிரமவித்தன், சோமயாசி போன்ற பட்டம் ஆகியவற்றால் அடையாளப்படுத்தப்படுகின்றான். பங்குரிமை யாருக்கு என்று அறுதியிடுதற்கு இவ்விவரங்கள் வேண்டப்பட்டன. வழிவழி மரபு செப்பேட்டில் ஏறியபொழுது அது சொத்துரிமைச் சான்றும் ஆயிற்று.

பிரமதேயத்துள் வாழ்ந்தோர் அனைவரும் நிகரான உரிமை உடையரல்லர். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டின்படி, 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அத்தகுதி பெற, கால் வேலிக்கு மேல் இறைநிலமும், தன் மனையில் எடுத்த வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவையும், மந்திர பிராமணப் பயிற்சியும் வேண்டும். வேதம் ஒன்றும் பாடியம் ஒன்றும் வல்லார்க்கு அரைக்கால் வேலியே போதும். கல்வி நிலத்தின் குறையை ஒருவாறு ஈடுசெய்ததேயன்றி, நிலத்தை முற்றும் வேண்டாததாக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

இனி மணவுறவினை நோக்குவோம். பாரத்துவாசம், கௌசிகம் முதலிய கோத்திரங்கள் காசுமீரம் முதல் குமரிவரை பரவியுள்ளன. ஆயினும், கோத்திர ஒற்றுமை மணத்தை விலக்குவதேயன்றி விளைப்பதன்று. பெண் கொள்ளலும் கொடுத்தலும் நெடுங்காலம் வடமர், பிரகசரணம், அட்டசகசிரம், வாத்திமர் எனும் உட்பிரிவுகளுள்ளேயே நிகழ்ந்தன. மழநாடு, மாங்குடி, கண்டிரமாணிக்கம் எனப் பிரகசரணத்தின் கிளைகள் தமிழக இடப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. வைணவருள் வடகலை தென்கலை என்னும் பிரிவும், தில்லைத் தீட்சிதர் போன்ற கோயில்சார் குழுக்களும் இவற்றின் வேறாம். பெயரளவில் பாரதம் தழுவிய இக்குழு, உறவளவில் சில ஊர்களின் எல்லைக்குள் அடங்கியதென்க.

அண்மைக்கால மரபணு ஆராய்ச்சியும் எளிய முடிவுக்கு இடந்தருவதில்லை. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகட்கு முன்புவரை இந்தியக் குழுக்களிடையே பரந்த கலப்பு நிகழ்ந்ததெனவும், பின்னரே அகமணம் இறுகியதெனவும் காட்டிற்று. ஐரோப்பிய ஆசியப் புல்வெளி மாந்தரின் மரபுக்கூறு புரோகித மரபினர் பலரிடம் ஒப்பளவில் மிக்கிருத்தலை 2019ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துரைத்தது. எனவே வந்தேறிய கூறு உண்மை, கலப்பும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் வரலாறாகாது.

உட்பிரிவுகள் பலவும் ஒரே பொதுப்பெயரின்கீழ் அரசியல் வழக்கில் திரண்டது மிகப் பிற்பட்ட காலத்தேயாம். 1871-72 முதல் நிகழ்ந்த குடிக்கணக்குகள் அவற்றை ஒரு பெருந்தலைப்பில் அடக்கின. 1916ஆம் ஆண்டுப் பிராமணரல்லாதார் அறிக்கையும், 1921ஆம் ஆண்டு வகுப்புவாரி ஆணையும், கல்வியிலும் அரசுப்பணியிலும் நிலவிய ஏற்றத்தாழ்வினை முன்னிறுத்தியபொழுது, அத்தலைப்பு அரசியற் பொருளும் பெற்றது. அவ்வேற்றத்தாழ்வு கற்பனையன்று, நிலமும் கல்வியும் பன்னூற்றாண்டுகள் ஒரு பாலார்க்கு ஒதுக்கப்பட்டதன் பயனாகும்.

ஆகவே, பிராமணர் என்னும் குழு ஒரு நாளில் வந்ததுமன்று. ஒரு நாளில் படைக்கப்பட்டதுமன்று. சடங்கு, நிலம், மணம், அரசாணை ஆகியவை வெவ்வேறு காலங்களில் வகுத்த எல்லைகளால் அது உருப்பெற்றது. பிறப்பால் நிலைத்ததெனக் கருதப்படும் உயர்வு, உண்மையில் ஆவணங்களாலும் கொடைகளாலும் நிலைநிறுத்தப்பட்டது என்பதே இச்சான்றுகளால் நாம் பெறும் முடிபாகும். வளையறுத்த வேளாப் பார்ப்பான் செப்பேடுகளில் இடம்பெற்றிலன். வரலாற்றில் அவனுக்குரிய இடத்தை அளித்தல் ஆராய்ச்சியாளர் கடனாம்.